மருந்துக்குத் திருவுளச் சீட்டு



சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பழவேற்காடு ஏரியைப் பற்றிப் புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஆந்திரத்திலும் தமிழகத்திலுமாகப் பரந்து கிடக்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இந்த ஏரியை நம்பிப் பல மீனவக் குப்பங்கள் வாழ்கின்றன.

ஏரியின் எல்லா இடங்களிலும் மீனும் இறாலும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. ஓரிடத்தில் வலை நிறையும். சற்றுத் தள்ளி வலை கட்டினால் வெறும் பாசிதான் வரும். அப்படியானால் நல்ல இடம் யாருக்கு? வலிமையுள்ளவருக்கா? முதலில் ஓடி வருபவருக்கா? இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பழவேற்காட்டுக் குப்பங்கள் சிலவற்றில் ‘பாடு’ என்ற பழைய ஏற்பாடு இருக்கிறது. உரிமையுள்ள மீனவர்களுக்கு எந்த இடம், எந்த முறை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். இடங்கள் முறைவைத்து மாறி மாறி வரும். சீட்டுக்கு உறவும் தெரியாது, பகையும் தெரியாது. ஆகவே சண்டைக்கு இடமில்லை.

நம் நாட்டில் இது புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டு ஒன்று குடவோலை முறையை விளக்குகிறது. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்குவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்வார்கள்.

மீன் பிடிக்கும் இடத்துக்கும் ஊர்ச் சபைக்கும் குலுக்கல் சரி. நோயாளிக்கு எந்த மருந்து கொடுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாமா? “என்ன கொடுமை!” என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இன்று உலகின் பெரிய மருத்துவமனைகளில் ஒரு மருந்து பயன் தருமா, தராதா என்று ஆராய்வதற்கு இதுவே மிக நம்பத்தக்க வழி. இந்த முறையால் சென்னையில் கண்டறியப்பட்ட ஓர் உண்மை, உலகெங்கும் லட்சக்கணக்கான ஏழை நோயாளிகளின் வாழ்க்கையை மாற்றியது. அது எப்படி என்று காண்போம்.

எந்த வலை நல்ல வலை?

மருத்துவத்துக்குப் போகும் முன் ஏரியிலேயே ஒரு சோதனையைக் கற்பனை செய்வோம். புதுவகை வலை ஒன்று வந்திருக்கிறது. அது பழைய வலையைவிட நன்றாக இறால் பிடிக்குமா என்று அறிய வேண்டும். பத்துப் பேருக்குப் புது வலையும் பத்துப் பேருக்குப் பழைய வலையும் கொடுக்கிறோம். ஒரு வாரம் கழித்து நிறுத்துப் பார்த்தால் புது வலைக்காரர்களுக்கே அதிகப் பிடிப்பு. வலை நல்ல வலை என்று சொல்லிவிடலாமா?

அவசரப்படக் கூடாது. புது வலையைத் துணிந்து வாங்கியவர்கள் யார்? ஒருவேளை அனுபவம் மிக்கவர்கள். நல்ல படகு வைத்திருப்பவர்கள். இறால் வரும் இடம் அறிந்தவர்கள். பிடிப்பு கூடியது வலையாலா, கையாலா, இடத்தாலா? மூன்றும் பின்னிக் கிடப்பதால் பிரித்துச் சொல்ல முடியாது. யாருக்கு எந்த வலை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்திருந்தால் அனுபவசாலிகளும் புதியவர்களும் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பிரிந்திருப்பார்கள். அதன் பிறகும் பிடிப்பில் பெரிய வேறுபாடு தெரிந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் வலைதான்.

மருந்தின் கதையும் இதுவே. “இந்தக் கஷாயத்தைக் குடித்தேன், காய்ச்சல் போயிற்று” என்கிறார் ஒருவர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பல காய்ச்சல்கள் மருந்தே இல்லாமலும் சில நாட்களில் தணிந்துவிடும். நாள்பட்ட நோய்கள் ஏறும், இறங்கும். மிக அதிகமாக ஏறியிருக்கும்போதுதான் நாம் மருந்தைத் தேடி ஓடுகிறோம். அதற்குப் பின் அது இறங்குவது இயல்பு. மேலும், மருத்துவர் தம்மை அறியாமலேயே தேறக்கூடிய நோயாளிகளுக்குப் புது மருந்தைக் கொடுத்துவிடலாம். இவற்றையெல்லாம் மீறி உண்மையைப் பார்ப்பது எப்படி?

புளியங்கொட்டைச் சோதனை

வீட்டில் 40 புளியங்கொட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 20 கொட்டைகளில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளியுள்ளவை கடும் நோயாளிகள். மற்றவை இலேசான நோயாளிகள். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். பார்க்காமல் 20 கொட்டைகளை எடுத்துத் தனியே வைத்து, அவற்றில் புள்ளியுள்ளவை எத்தனை என்று எண்ணுங்கள். இப்படிப் பல முறை செய்யுங்கள். பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது தடவை, எண்ணிக்கை 8 முதல் 12க்குள் இருக்கக் காண்பீர்கள். எந்த மருத்துவரும் உட்கார்ந்து தரம் பிரிக்காமலேயே கடும் நோயாளிகள் இரு குவியல்களிலும் பங்கிடப்பட்டுவிட்டார்கள்!

இப்போது 4 கொட்டைகளை மட்டும் எடுங்கள். இரண்டுக்குப் புள்ளி, இரண்டுக்கு இல்லை. குலுக்கி இரண்டிரண்டாகப் பிரியுங்கள். சராசரியாக மூன்று தடவைக்கு ஒரு தடவை, புள்ளியுள்ள இரண்டும் ஒரே பக்கம் போய்ச் சேரும். ஆகவே நான்கு நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வை நம்ப முடியாது. குலுக்கல் வேண்டும்; எண்ணிக்கையும் வேண்டும்.

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இதே பாடத்தை வேறு வடிவில் கற்றிருப்பீர்கள். தனி ஊசலின் அலைவு நேரத்தை அளக்கும்போது ஒரே ஓர் அலைவை அளக்காமல் 20 அலைவுகளை அளக்கிறோம். பல முறை அளந்து சராசரி எடுக்கிறோம். கை சற்று முந்துவதும் பிந்துவதுமான ஒழுங்கற்ற பிழைகள் இதனால் குறைகின்றன. ஆனால் நிறுத்துகடிகாரமே வேகமாக ஓடினால்? ஆயிரம் முறை அளந்தாலும் விடை தவறுதான். அது முறையான பிழை. நோயாளிகளை மருத்துவரே தேர்ந்தெடுத்துப் பிரிப்பது வேகமாக ஓடும் கடிகாரத்தைப் போன்றது. குலுக்கலின் சிறப்பு என்னவெனில், எண்ணிக்கையைக் கூட்டினாலும் போகாத அந்தப் பிழையை, எண்ணிக்கையைக் கூட்டினால் குறைந்துபோகும் பிழையாக மாற்றிவிடுகிறது. இதைப் புள்ளியியலில் சமவாய்ப்பு முறை என்பர்.

மூடிய உறைகள்

மருத்துவத்தில் இந்த முறைக்குப் பெரும் புகழ் தேடித் தந்தவர் பிரிட்டனின் பிராட்ஃபோர்டு ஹில். முதல் உலகப் போரின்போது விமானப் படையில் சேர்ந்த அவரைக் காசநோய் பற்றிக்கொண்டது. மருத்துவராகும் கனவைக் கைவிட்டுப் புள்ளியியலுக்கு வந்தார். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற புது மருந்து அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டபோது, போரால் நொடித்திருந்த பிரிட்டனில் அதை வாங்கப் போதிய பணமில்லை. கிடைத்த சிறிதளவு மருந்தோ எல்லோருக்கும் போதாது. யாருக்குக் கொடுப்பது? குலுக்கல்தான் நியாயமான வழியாக இருந்தது.

107 நோயாளிகள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். சமவாய்ப்பு எண்களைக் கொண்டு தயாரிக்கப்பட்ட சீட்டுகள் மூடிய உறைகளில் இருந்தன. நோயாளியை ஆய்வில் சேர்த்த பின்னரே உறை பிரிக்கப்படும். 55 பேருக்கு ஓய்வும் மருந்தும்; 52 பேருக்கு அக்கால வழக்கப்படி ஓய்வு மட்டும். எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு எந்தப் படம் எந்தப் பிரிவினுடையது என்று தெரியாது. உத்திரமேரூர்ச் சிறுவனை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

1948இல் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதங்களில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தனர். பெறாத 52 பேரில் 14 பேர் இறந்தனர். இவ்வளவு பெரிய வேறுபாடு வெறும் தற்செயலால் நூற்றில் ஒரு முறைகூட வராது. மருந்து வேலை செய்கிறது!

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது மருந்து பெற்றவர்களில் 32 பேரும் பெறாதவர்களில் 35 பேரும் இறந்திருந்தனர். தொடக்கத்தில் கிடைத்த பெரும் நன்மை எங்கே போயிற்று? காசநோய்க் கிருமிகளில் சில அந்த ஒரு மருந்தை எதிர்த்து நிற்கும் திறன் பெற்றுப் பெருகிவிட்டன. ஒரு மருந்தைத் தனியே கொடுக்காமல் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி தப்ப முடியாது என்பது அடுத்தடுத்த ஆய்வுகளில் தெளிவாயிற்று.

சென்னையில் எழுந்த கேள்வி

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1950களில் இந்தியாவில் காசநோயாளிகள் பல லட்சம் பேர். மருத்துவமனைப் படுக்கைகளோ மிக மிகக் குறைவு. 1955 முதல் 1958 வரை நடந்த நாடு தழுவிய கணக்கெடுப்பு, இந்நோய் நகரங்களில் மட்டுமன்றிக் கிராமங்களிலும் ஏறத்தாழ அதே அளவில் இருப்பதைக் காட்டியது.

அக்காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்தான். தூய காற்று, முழு ஓய்வு, முட்டை, பால், இறைச்சி என்று நல்ல உணவு, குடும்பத்தினரிடமிருந்து பிரிவு. இப்படி ஓர் ஆண்டோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். சென்னை மின்சார ரயிலில் செல்வோர் தாம்பரத்துக்கு அருகே இன்றும் ‘சானடோரியம்’ என்ற நிலையத்தைக் காணலாம். 1928இல் டாக்டர் சவுரிமுத்து அங்கே நிறுவிய மருத்துவமனையின் நினைவு அது.

சற்று எண்ணிப் பாருங்கள். பழவேற்காட்டுக் குப்பம் ஒன்றில் ஒரு மீனவருக்குக் காசநோய். அவர் ஓராண்டு சானடோரியத்தில் படுத்துவிட்டால் படகு கரையில் கிடக்கும். வலைக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஏறும். பிள்ளைகளின் படிப்பு நிற்கும். அதைவிட முக்கியம், அவருக்குப் படுக்கையே கிடைக்காமல் போகலாம். படுக்கை கிடைக்காதவருக்கு மருந்தும் இல்லை என்றால் அது மரண தண்டனைக்குச் சமம். ஆகவே கேள்வி இது: இப்போதுதான் மாத்திரைகள் வந்துவிட்டனவே, நோயாளியை வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் குணமாகுமா?

“ஆகாது” என்றே அந்நாளைய வல்லுநர் பலர் கருதினர். நெரிசலான குடிசை, போதாத உணவு, ஓய்வுக்கு வழியில்லை. வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் தொற்றிவிடுமே என்ற அச்சம் வேறு. ஒவ்வொன்றும் நியாயமான ஐயமே. ஆனால் நியாயமாகத் தோன்றுவது ஒன்று. உண்மை என்று நிறுவப்படுவது வேறு.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை இதில் கைகோத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் வழிநடத்தினார். இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று அழைக்கப்படுவது இந்த மையமே.

சென்னை நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் முதல் ஆய்வில் சேர்ந்தனர். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதைச் சமவாய்ப்பு முறை தீர்மானித்தது. மருந்து இரு பிரிவினருக்கும் ஒன்றே: ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்ற இரண்டும் ஓராண்டுக்கு. வேறுபட்டது இடமும் உணவும் ஓய்வும் மட்டுமே. வீட்டிலிருந்தவர்களின் இல்லங்களுக்கு ஊழியர்கள் சென்று பார்த்தனர். மாத்திரைகளை உண்மையில் விழுங்குகிறார்களா என்று அறிய, முன்னறிவிப்பின்றிப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர்.

வந்த விடை

ஓராண்டு முடிந்தது. நோய் அடங்கி, சளியில் கிருமி இல்லாத நிலையை அடைந்தவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர்.

“அப்படியானால் சானடோரியம்தானே சிறந்தது?” என்று கேட்பீர்கள். புளியங்கொட்டைச் சோதனையை நினைவுகூருங்கள். ஒவ்வொரு பிரிவிலும் கணக்கில் எடுக்கப்பட்டவர்கள் 80 பேருக்குச் சற்று மேல். இரண்டு இடங்களும் உண்மையில் சமமாகவே இருந்தாலும்கூட, இவ்வளவு வேறுபாடு நான்கைந்து தடவைக்கு ஒரு தடவை குலுக்கலாலேயே வந்துவிடும். மேலும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோதும் வீட்டுச் சிகிச்சை பெற்றவர்கள் பின்தங்கிவிடவில்லை.

மற்ற இரு அச்சங்களும் என்னவாயின? சானடோரியத்தில் இருந்தவர்கள் நல்ல உணவு உண்டனர். எடையும் அதிகம் கூடினர். ஆயினும் கிருமியை ஒழிப்பதில் அவர்களுக்குத் தனிப்பட்ட நன்மை தென்படவில்லை. கிருமியைக் கொன்றது மருந்து. வீட்டிலிருந்த குழந்தைகளும் பெரியவர்களும்? நோயாளி சானடோரியத்துக்குப் போன வீடுகளைவிட, நோயாளி தங்கிய வீடுகளில் புதிதாக நோய் அதிகம் தோன்றவில்லை. காரணம் என்ன? நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே, இருமிக்கொண்டிருந்த மாதங்களிலேயே, தொற்று பெரும்பாலும் பரவிவிடுகிறது. மருந்து தொடங்கியதும் நோயாளியின் தொற்றும் தன்மை விரைவில் குறைந்துவிடுகிறது.

உலகம் இந்த முடிவைக் கவனித்தது. 1962இல் தொடங்கிய இந்தியத் தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டது. மேலை நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. படுக்கை கிடைக்காத ஏழைக்கும் மருந்து கிடைக்கும் வழி திறந்தது. மருந்தை ஊழியரின் கண்முன் வாரம் இருமுறை கொடுக்கலாம் என்று சென்னை மையம் 1960களில் செய்த அடுத்த ஆய்வு, பின்னாளில் உலகெங்கும் வந்த நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு வித்திட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘காசநோயாளிக்கு உணவு முக்கியமில்லை’ என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அந்த ஆய்வு கேட்ட கேள்வி, மருந்து சாப்பிடுபவரின் கிருமி ஒழியுமா என்பது. வேறு கேள்விக்கு வேறு விடை வரும். ஜார்க்கண்டில் நான்கு மாவட்டங்களில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு ஒன்றில், நோயாளிகளின் வீட்டாருக்குச் சத்துணவுப் பொட்டலங்கள் கொடுத்துப் பார்த்தனர். இங்கே குலுக்கப்பட்டவை ஆட்கள் அல்ல, பகுதிகள். கூடுதல் உணவு பெற்ற பகுதிகளில் வீட்டார் புதிதாக நோயுறுவது சுமார் 39 விழுக்காடு குறைந்தது. நோய் வராமல் காப்பதில் உணவுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது இதனால் தெளிவாயிற்று.

செங்கல்பட்டின் ஏமாற்றம்

ஒப்பீட்டுச் சோதனை நாம் விரும்பும் விடையையே தரும் என்று எண்ண வேண்டாம். காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி, பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடையே சுமார் 80 விழுக்காடு பாதுகாப்புத் தந்ததாகத் தெரிந்திருந்தது. நம் நாட்டில் எப்படி? 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதியில் மிகப் பெரிய ஆய்வு தொடங்கிற்று. பழவேற்காடும் அந்நாளில் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஆய்வில் பங்கேற்றனர். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. இதையும் சமவாய்ப்பு முறையே பிரித்தது.

1979இல் முதல் அறிக்கை வெளிவந்தபோது விஞ்ஞானிகள் திகைத்தனர். பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் தடுப்பூசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வேறுபாடில்லை! 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தும் முடிவு மாறவில்லை. நம் மண்ணிலும் நீரிலும் மலிந்துள்ள, காசநோய்க் கிருமிக்கு உறவான வேறு கிருமிகள் மக்களின் உடலை முன்பே பழக்கிவிடுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. எனினும் பச்சிளங்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைக் காசநோயிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது. அதனால்தான் பிறந்தவுடன் அதைப் போடுகிறார்கள். பெரியவர்களுக்கு வேறு வழி தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டதும் அறிவியலுக்கு ஆதாயமே.

2020இல் மருத்துவமனைகளில்

நீங்கள் நேரில் கண்ட கொரோனாக் காலத்துக்கு வருவோம். நோயிலிருந்து மீண்டவரின் இரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் பொருள்கள் இருக்கும். அந்த இரத்தத்தின் பிளாஸ்மாவை மற்றொரு நோயாளிக்கு ஏற்றினால் அவரும் பிழைப்பார் அல்லவா? கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் நாட்டின் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் இதைச் சோதித்தது. பிளாஸ்மா பெற்றவர்களில் நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள் நூற்றுக்கு 19 பேர். பெறாதவர்களில் 18 பேர். பயன் இல்லை.

அந்த முடிவு 2020 அக்டோபரிலேயே வெளியாகிவிட்டது. ஆயினும் 2021 கோடையில் இரண்டாம் அலை வீசியபோது எத்தனையோ குடும்பங்கள் பிளாஸ்மா கொடுப்பவரைத் தேடி இரவும் பகலும் அலைந்தன. அவ்வாண்டு மே மாதம்தான் அது அரசின் சிகிச்சை நெறிமுறையிலிருந்து நீக்கப்பட்டது. ஆய்வின் முடிவை அறிவது மட்டும் போதாது. அதை ஏற்றுக்கொள்ளும் மனமும் வேண்டும்.

அதே 2020இல் பிரிட்டனில் நடந்த பெரும் ஆய்வு, டெக்சாமெதசோன் என்ற பழைய, மலிவான மருந்தைச் சோதித்தது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களின் இறப்பை அது மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் பெற்றவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ நன்மை எதுவும் தெரியவில்லை. ஒரே நோய், ஒரே மருந்து, ஆனால் ‘யாருக்கு?’ என்ற கேள்விக்கு ஏற்ப விடை மாறுகிறது.

நோயாளியை வைத்துக் குலுக்கலா?

இது நியாயந்தானா என்று உங்களில் சிலருக்கு உறுத்தலாம். உறுத்த வேண்டியதே. ‘நல்ல மருந்து என்று தெரிந்தும் பாதிப் பேருக்கு மறுக்கலாமா?’ கூடாது. எது நல்லது என்று எவருக்கும் உறுதியாகத் தெரியாத நிலையில் மட்டுமே குலுக்கலுக்கு இடமுண்டு.

தெரியாததைத் தெரிந்ததாகக் கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தலையில் பலத்த அடிபட்டவர்களுக்கு மூளை வீக்கம் குறையட்டும் என்று பல ஆண்டுகளாக ஸ்டீராய்டு ஊசி போட்டுவந்தார்கள். பத்தாயிரம் பேரிடம் செய்த ஒப்பீட்டுச் சோதனையின் முடிவு 2004இல் வெளியாயிற்று. இரண்டு வாரங்களுக்குள் இறந்தவர்கள், ஊசி பெற்றவர்களில் நூற்றுக்கு 21 பேர். பெறாதவர்களில் 18 பேர். நல்லெண்ணத்துடன் போட்ட ஊசியே நூற்றுக்கு மூன்று உயிர்களைக் கூடுதலாகக் கொண்டுபோயிருக்கிறது! ஒப்பிட்டுப் பாராமல் இருந்திருந்தால் அந்த ஊசி தொடர்ந்திருக்கும். தனித்தனியே பார்க்கும் எந்த மருத்துவருக்கும் நூறில் மூன்று என்ற வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது.

ஆகவே விதிகள் கடுமையாக வகுக்கப்பட்டுள்ளன. 1964இல் ஹெல்சிங்கி நகரில் உலக மருத்துவச் சங்கம் வெளியிட்ட அறிக்கையும், 1980இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட நெறிமுறைகளும் இவ்வகையில் முக்கியமானவை. ஆய்வை ஓர் அறநெறிக் குழு முன்கூட்டியே ஏற்க வேண்டும். நோயாளிக்குப் புரியும் மொழியில் எல்லாவற்றையும் விளக்கி, அவரது சம்மதத்தைப் பெற வேண்டும். அவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்; விலகினால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. பாதியிலேயே ஒரு பக்கம் தெளிவாக நன்மையோ தீமையோ தெரிந்தால் ஆய்வை நிறுத்த வேண்டும். நம் நாட்டில் 2009 முதல் புது மருந்தாய்வுகளைத் தொடங்கும் முன்பே அரசுப் பதிவேட்டில் பதிவு செய்வது கட்டாயம். பிடிக்காத முடிவை மறைத்துவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

நீங்கள் கேட்க வேண்டியவை

இனி எவரேனும் “இந்த மருந்து அற்புதம்!” என்று சொன்னால், அவர் எவ்வளவு பெரியவராயினும், மரியாதையுடன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்? அம்மருந்து பெறாத எவருடன் ஒப்பிட்டார்கள்? இரு பிரிவாகப் பிரித்தது யார், சீட்டா, ஆளா? குணமடையாதவர்களையும் கணக்கில் சேர்த்தார்களா? “என் மாமாவுக்குச் சரியாயிற்று” என்பது இவற்றில் எதற்கும் விடையாகாது.

காசநோயைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். ஒன்றிரண்டு மாதங்களிலேயே இருமல் நின்று, பசியெடுத்து, உடம்பு தேறிவிட்டதுபோல் இருக்கும். படகில் ஏறும் தெம்பும் வந்துவிடும். பலரும் மருந்தை நிறுத்துவது அப்போதுதான். எஞ்சியிருக்கும் கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகிக்கொண்டு திரும்பி வந்தால், அடுத்த சிகிச்சை மிகக் கடினம். பிரிட்டனின் அந்த 55 நோயாளிகள் நமக்குக் கற்பித்தது இதைத்தான்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாரேனும் இம்மருந்தை எடுத்துக்கொண்டிருந்தால், நாட்காட்டியில் தேதிகளை எண்ணி, ஆறாவது மாதத்தின் கடைசி மாத்திரை வரை அவருக்குத் துணையாக இருங்கள். அந்த ஆறு மாதக் கணக்கு யாரோ ஒருவர் மனத்தில் தோன்றியதன்று. நம்மைப் போன்ற ஏழை எளிய நோயாளிகள் பலர் சம்மதித்து ஆய்வுகளில் சேர்ந்ததால் கிடைத்தது.